ஓடி வந்து சொன்னவள்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வார்டு ஒன்றில் நின்று, ஊரே கிரிவலம் சுற்றுகிற எங்கள் மலையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். குறைந்தது இரண்டு பேராவது "இன்னாம்மா?" என்று திரும்புவார்கள். கட்டிலில் படுத்திருப்பவர் ஒருவர், பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்தவர் ஒருவர். சில நாள் லிஃப்ட் பக்கத்தில் நிற்கும் வாட்ச்மேனும் சேர்ந்துகொள்வார். சாமிக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைகள் எல்லாம். வேண்டுதலை நிறைவேற்றினார்கள், சரி. நாளைக்கு இந்த ஊர் நர்ஸ் என்ன பாடு படுவாள் என்று ஒருத்தராவது நினைத்தார்களா?

நான் அந்தப் பாடு படுகிற நர்ஸ். ஒரு தனியார் மருத்துவமனையில் ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பாளர். இன்சார்ஜ் என்று கூப்பிடும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆள் இல்லாத நாளில் இன்சார்ஜ்தான் டிரிப்ஸ் மாற்ற வேண்டும், சக்கர நாற்காலி தள்ள வேண்டும், ஃபேன் ஓடவில்லை என்ற திட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆள் இருக்கிற நாள் எது என்று கேட்காதீர்கள். புதிதாகப் படித்துவிட்டு வருகிற பெண்கள் எங்களிடம் கை பழகியதும் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ பறந்துவிடுகிறார்கள். என் மகளும் அப்படிப் பறந்தவள்தான். கனடாவில் நர்ஸாக இருக்கிறாள். "அம்மா, இங்க ஒரு ஷிஃப்டுக்கு என் பேஷண்டுங்கள விரல் விட்டே எண்ணிடலாம்" என்று போனில் சொல்வாள். எனக்குப் பெருமையாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். கணவர் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிவிட்டது. கீழ் அறைகளில் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், போவார்கள். ஒருத்தி மாதக்கணக்கில் கழுத்தில் 'மௌனம்' என்று அட்டை மாட்டிக்கொண்டு திரிந்தாள். என்னைப் பார்த்தால் கை கூப்பிச் சிரிப்பாள். அவள் கடல் தாண்டி வந்து தேடுகிற மௌனம் எனக்குக் கதவைத் திறந்தாலே கிடைக்கும் என்று சொல்லத் தோன்றும். மௌனத்தில் இருப்பவளிடம் எதைச் சொல்வது? நானும் சிரித்துவிட்டுப் படியேறுவேன்.

அப்படிப்பட்ட எனக்கு வார்டில் ஒரு பேச்சுத்துணை கிடைத்தது. கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண். படிப்பு முடித்து நேராக எங்களிடம் சேர்ந்தவள். வாய் மூடாது. ஊசி போடும்போது பேசுவாள், கட்டு மாற்றும்போது பேசுவாள், ஆள் வலியை மறந்துவிடுவார். மதியச் சாப்பாட்டுக்கு என் எதிரில்தான் உட்காருவாள். தன் டப்பாவிலிருந்து வேர்க்கடலைத் துவையலைக் கேட்காமலே என் தட்டில் வைப்பாள். "அக்கா, உங்க சாம்பாரு நம்ம கேன்டீன் சாம்பாரு மாதிரியே இருக்கு, கோச்சிக்காதீங்க" என்பாள். வீட்டில் சமைக்கும்போது, இன்றைக்கு என்ன சொல்லப்போகிறாளோ என்று நினைத்துக்கொண்டே தாளிப்பேன். ஒருத்திக்குச் சமைப்பதில் இல்லாத ஆசை அதில் இருந்தது.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் ஒன்று சொல்லியிருந்தேன். "தப்பு நடக்கும். நடக்காதுன்னு எவளாவது சொன்னா நம்பாத. நடந்தா மூடி மறைக்காம என்கிட்ட ஓடி வா. ஒன்ன நான் பாத்துக்கறேன்." வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்வதுதான். தலையாட்டுவார்கள். யாரும் ஓடி வந்ததில்லை. தப்பே நடக்காத வார்டா எங்களுடையது? நடக்கும். யாருக்கும் தெரியாமல் சரிசெய்துகொள்வார்கள், அல்லது சரியாகவே செய்யாமல் விட்டுவிடுவார்கள்.

அது ஒரு பௌர்ணமி நாள். பௌர்ணமி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நிலா, கிரிவலம். எங்களுக்கு ஆள் வராத நாள். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிற நர்ஸுகள் அங்கிருந்து கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வர வேண்டும். பாதிப் பேர் வந்து சேர மாட்டார்கள். வெயிலில் மயங்கி விழுந்தவர்கள், கால் பிசகியவர்கள் என்று எமர்ஜென்சி நிரம்பும். ஒவ்வொரு மாதமும் வருகிற பௌர்ணமி, என்றைக்கு வரும் என்று காலண்டரில் அச்சடித்தே கொடுக்கிறார்கள். ஆனாலும் எங்கள் மேனேஜருக்கு அது ஒவ்வொரு மாதமும் திடீரென்றுதான் வரும். "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சிஸ்டர்" என்பார். எதை அட்ஜஸ்ட் செய்வது? எனக்கு இருப்பது இரண்டு கை.

முந்தின நாளிலிருந்தே அந்தக் கீழ்பென்னாத்தூர்ப் பெண்ணை எமர்ஜென்சிக்கு அனுப்பியிருந்தேன். அந்த இடைவெளியில் என் வார்டுக்கு மலையின் பெயர் கொண்ட இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். இன்னொருவர் அடி அண்ணாமலை கிராமத்துக்காரர். ஜுரம், வாந்தி, சோறு இறங்கவில்லை. சர்க்கரைக்காரருக்கு ஜன்னல் ஓரக் கட்டில் கொடுத்திருந்தோம். காலையில் மேனேஜர் போன் செய்து, புண்காரரை வாசல் பக்கம் மாற்றுங்கள், ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோக வசதியாக இருக்கும் என்றார். மாற்றினேன். ஜுரக்காரர் ஜன்னலோரம் போனார்.

அன்றைக்கு என்னோடு வார்டில் இருந்தது இன்னொரு நர்ஸ் மட்டும்தான். அவள் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரைக்காரரின் விரலில் குத்திச் சுகர் பார்த்துவிட்டு, ஊசி போடுவதற்குள் வேறொருவருக்கு மூச்சு வாங்குகிறது என்று அங்கே ஓடினாள். நானும் அங்கேதான் நின்றேன். அந்த நேரம் பார்த்து எமர்ஜென்சியிலிருந்து கீழ்பென்னாத்தூர்ப் பெண் திரும்பி வந்தாள். அவளைக் கண்டதும் அந்த நர்ஸ் ஆக்ஸிஜன் குழாயைப் பிடித்தபடியே கத்தினாள்: "மலைக்கு சுகர் ஜாஸ்தி, இன்சுலின் எடுத்து வெச்சிருக்கேன், போட்டுடு. ஜன்னல் பெட்டு!" காலையில் கட்டில் மாறியது அந்த அவசரத்தில் அவள் நினைவில் இல்லை, மூச்சு வாங்குகிறவரைப் பிடித்திருந்த என் காதிலும் அது ஏறவில்லை.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். அந்தப் பெண் நேராகப் போய் ஊசியைக் குத்திவிடவில்லை. நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே செய்தாள். நோயாளியின் பெயரை நாமாகச் சொல்லி 'ஆமாவா' என்று கேட்கக் கூடாது, அவர்கள் வாயால் சொல்ல வைக்க வேண்டும். அவர் ஜுர மயக்கத்தில் இருந்தார். பக்கத்தில் மனைவி. "அய்யா பேரு இன்னாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மா புருஷன் பேரை வாயால் சொல்கிற தலைமுறை இல்லை. வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். வெளியே மலை. "அதோ, அதான் சிஸ்டர் எங்க ஊட்டுக்காரரு பேரு." கையில் கட்டியிருந்த பட்டையையும் பார்த்தாள். அதே பெயர். கீழே பொடி எழுத்தில் ஆஸ்பத்திரி நம்பர் ஒன்று இருக்கும், தண்ணீர் பட்டு அழிந்து கிடந்தது. ஊசி போட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு வண்டி வந்தது. வாசல் பக்கக் கட்டிலிலிருந்து சர்க்கரைக்காரர் குரல் கொடுத்தார். "ஏம்மா, சுகர் பாத்தீங்களே, ஊசி போடலியா? சோறு ஆறுது." அவள் அவரைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். எனக்கு அந்த முகம் இப்போதும் தெரிகிறது, வெளுத்துப்போன முகம். அடுத்த நொடி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஊசிய ஆள் மாத்திப் போட்டுட்டேன்."

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் சொல்லாத வார்த்தை. சாப்பிடாத மனிதருக்கு இன்சுலின் போனால் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். யாரும் கவனிக்காவிட்டால் ஜுரத்தில் தூங்குகிறார் என்றே நினைத்துவிடுவோம், ஆள் அப்படியே போய்விடலாம். டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டோம், குளுக்கோஸ் ஏற்றினோம். அதற்குள் அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. மனைவியைப் பார்த்து, "மாட்ட அவுத்து உட்டியா? இருட்டிடுச்சி பாரு" என்று நடுப்பகலில் குழறினார். அந்தப் பெண் அவர் கட்டிலை விட்டு நகரவில்லை. விரலில் குத்திக் குத்திச் சுகர் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் எண்ணை என்னிடம் சொன்னாள். சாயங்காலம் அவர் தெளிந்து, காபி கேட்டார். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நல்லவேளை, நல்லவேளை என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் பிழைக்க வைத்தாள். தப்பு செய்தவளும் அவள்தான், ஆளைக் காப்பாற்றியவளும் அவள்தான். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது.

மேனேஜர் வந்தார். சின்ன வயசுக்காரர், எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை. என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பேமிலிகிட்ட எதுவும் சொல்ல வேணாம் சிஸ்டர். சாப்பிடாததால சுகர் கம்மியாயிடுச்சின்னு சொல்லிடுங்க. ஆள்தான் நல்லா இருக்காரே" என்றார். அவருடைய தலைக்குப் பின்னால் சுவரில் அவரே ஒட்ட வைத்த போஸ்டர். தவறுகளை அச்சமின்றித் தெரிவியுங்கள், பாதுகாப்பு நம் அனைவரின் பொறுப்பு. இன்ஸ்பெக்‌ஷன் வந்தபோது ஒட்டியது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக ஜன்னல் கட்டிலுக்குப் போனேன். அந்த அம்மாவை வெளியே அழைத்து வந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

சண்டை போடுவார், சொந்தக்காரர்களைத் திரட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"நான் பேர சொல்லாததாலயா சிஸ்டர்?"

"ஐயோ, அதில்லம்மா."

"கட்டிக்கினு வந்த நாள்லேருந்து சொன்னதில்ல." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, புருஷனின் பெயரை முழுதாக ஒரு தடவை சொன்னார். பரீட்சையில் தேறிவிட்டேனா என்று கேட்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெயரை அவர் சத்தமாக, பத்துத் தடவை சொல்லியிருந்தாலும் அதே ஊசி அதே ஆளுக்குத்தான் போயிருக்கும். இருவருக்கும் அது ஒரே பெயர். "உங்க மேல ஒண்ணும் இல்லம்மா, ஆளு பத்தல, எங்க மேலதான்" என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "அந்தப் பொண்ண திட்டாதீங்க. அது நெத்தியில கை வெச்சிப் பாத்துக்கினே இருந்துச்சி" என்றார். அந்த அம்மா கேட்டதே அவ்வளவுதான்.

மறுநாள் மேனேஜர் தன் அறையில் என்னையும் அவளையும் நிற்க வைத்தார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, உட்காரச் சொல்லவில்லை. "யாரு போட்டது?" என்று ஆரம்பித்தார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார். அவள் "நான்தான் சார்" என்றாள்.

நான் குறுக்கே விழுந்தேன். "சார், பெட்ட மாத்தச் சொன்னது நீங்க. மாத்தினது நான். பௌர்ணமின்னு தெரிஞ்சும் ஆள் குடுக்காதது நீங்க. ஒரே பேருல ரெண்டு பேர் இருந்தா வேற கலர் பட்டை கட்டணும்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்? கடைசியில ஊசி போட்டது மட்டும்தான் இவ. ஓடி வந்து சொன்னதும் இவதான். சொன்னதுக்கு தண்டன குடுத்தீங்கன்னா இனிமே இங்க எவளும் வாயத் தெறக்க மாட்டா."

"எமோஷனலா பேசாதீங்க சிஸ்டர். விசாரணை முடியற வரைக்கும் அவங்க வீட்ல இருக்கட்டும்."

"அப்ப நானும் போறேன்."

"போங்க" என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார். "நீங்க போனா வார்ட யாரு பாப்பாங்க?" என்றார். அது உண்மை. முப்பது கட்டிலுக்கு ஒரு ஷிஃப்டில் இருந்ததே மூன்று பேர். நானும் கோபித்துக்கொண்டு கிளம்பினால் அங்கே படுத்திருப்பவர்கள் கதி என்ன? என் வீறாப்பு அத்தோடு முடிந்தது. ஆள் இல்லை என்று நான் கூவிய அதே காரணத்தை வைத்து என் வாயை அடைத்துவிட்டார்.

விசாரணை என்று ஒன்றும் நடக்கவில்லை. சில நாள் கழித்து அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாகப் போனில் சொன்னார்களாம். சர்டிபிகேட்டை வாங்கிக்கொள்ள அவள் அப்பாவோடு வந்தாள். அப்பா வண்டியை விட்டு இறங்கவில்லை, ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. கேட்டுக்கு வெளியே நான் போய் நின்றேன். அவள் சண்டைக்கு வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அக்கா, நான் சொல்லாம இருந்திருந்தா அவரு செத்துருப்பாரு இல்ல?"

"ஆமாண்டி."

"அப்ப சரிக்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க பாத்துக்கறேன்னு சொன்னதாலதான் ஒடனே ஓடி வந்தேன். இல்லன்னா பயந்துக்கினு நின்னிருப்பேன்." குத்திக்காட்டவில்லை, நன்றியாகத்தான் சொன்னாள். எனக்கு அது நெஞ்சில் இறங்கியது. வண்டி கிளம்பிப் போனபின்பும் கொஞ்ச நேரம் வெயிலிலேயே நின்றேன். இப்போது வேலூரில் ஒரு துணிக்கடையில் இருக்கிறாளாம். முதலில் போன் செய்வாள், பிறகு குறைந்துவிட்டது. நான் செய்தால் எடுப்பாள், பின்னால் கடைச் சத்தம் கேட்கும், "அப்புறம் பேசறேங்கா" என்பாள்.

அதற்குப் பிறகு வார்டில் என்னோடு யாரும் சண்டை போடவில்லை, முகம் கொடுக்காமலும் இல்லை. மரியாதையாகத்தான் இருக்கிறார்கள். "குட் மார்னிங்கா" என்பார்கள். நான் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்று, டப்பா மூடுகிற சத்தம் கேட்கும். ஒரு நாள் கதவுக்கு வெளியிலேயே காதில் விழுந்தது. "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத. நேரா பேமிலிகிட்ட போயி சொல்லும். அப்புறம் நம்மளயும் காப்பாத்த முடியாது." சொன்னவள் கெட்டவள் இல்லை. அவளுக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். அவள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. டப்பாவை எடுத்துக்கொண்டு வார்டு மேசைக்கே திரும்பிவிட்டேன். இப்போது அங்கேதான் சாப்பிடுகிறேன். சாம்பார் தாளிப்பதை விட்டுவிட்டேன், ஒருத்திக்கு எதற்கு?

மகளிடம் சொன்னேன். "அம்மா, நீ இங்க வந்துடு" என்றாள். அங்கே போய் என்ன செய்வேன்? அங்கேயும் ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி. வேண்டாம் என்றேன். அவளுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

போன மாதம் எங்கள் வார்டில் கேக் வெட்டினார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு தவறுகூடப் பதிவாகவில்லையாம். மேனேஜர் கையில் மைக் இல்லாத குறைதான். "ஜீரோ! இதுக்குக் காரணம் நம்ம இன்சார்ஜ் சிஸ்டர்" என்று என் கையில் கத்தியைக் கொடுத்தார். எல்லாரும் தட்டினார்கள். ஆள் அப்போதும் ஷிஃப்டுக்கு மூன்று பேர்தான், பட்டையும் அதே பட்டைதான். வெட்டினேன். வேறென்ன செய்ய?

துண்டுகளைத் தட்டில் வைத்து நீட்டியபோது, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். தட்டை வாங்கவில்லை. "அக்கா..." என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குரலை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் முழுதாகத் திரும்பினேன். "சொல்லுடி கண்ணு" என்றேன். அவள் எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். அவர்கள் கேக் தின்றுகொண்டிருந்தார்கள், ஒருத்தி மட்டும் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா. கேக் நல்லா இருக்குதுன்னு சொல்ல வந்தேன்" என்றாள். கேக்கை அவள் வாயில்கூட வைக்கவில்லை.

போய்விட்டாள். ஷிஃப்ட் முடிந்தும் நான் வீட்டுக்குக் கிளம்பவில்லை. ஒவ்வொரு கட்டிலாகப் போனேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், நாடி பார்த்தேன், டிரிப்ஸ் பாட்டில்களைத் திருப்பிப் பார்த்தேன், என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்று கேட்டேன். "இன்னா சிஸ்டர், இன்னிக்கி இவ்ளோ விசாரிக்கறீங்க?" என்று ஒரு பெரியவர் சிரித்தார். எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள். யாருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவே இல்லை.